‘வாணாம்’ என்கிற பிள்ளைக்குக் காயும் பழமும் பழக்குவது

இரண்டரை வயதில் எங்கள் அம்மு ஒரு நாளைக்குச் சாப்பிட்டது இவ்வளவுதான்: நான்கு டம்ளர் பால், ஒரு பாக்கெட் பிஸ்கட், மத்தியானம் நாலு வாய் தயிர்சாதம். தட்டில் பச்சையாக எது தெரிந்தாலும் "வாணாம்" என்பாள். கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி வெளியே வைப்பாள். கிண்ணத்தோடு என் மாமியார் முன்னால் போக, தண்ணீர்ச் சொம்போடு நான் பின்னால் போக, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனை வரைக்கும் ஊட்டிக்கொண்டே நடப்போம். காக்கா காட்டி ஒரு வாய், பஸ் காட்டி ஒரு வாய். ஒரு வேளைச் சோறு ஒன்றரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் அவளும் அழுவாள், எனக்கும் அழுகை வரும்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. அவரைக்காய்ப் பொரியலைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். இடையில் என்ன செய்தோம் என்பதை, முதல் பிள்ளையை வளர்த்துக்கொண்டு இதே பாட்டில் இருக்கிறவர்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலோர் புதுப்புதுச் சமையல் குறிப்பு தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஆறு மாதத்தை வீணாக்கினேன். காய் பழக்குவது அடுப்படியில் தொடங்குவதில்லை, பசியில் தொடங்குகிறது.

முதலில் எடை பாருங்கள்

பக்கத்து அங்கன்வாடிக்குப் போய்ப் பிள்ளையை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முந்தைய மாதங்களின் புள்ளிகளோடு சேர்த்துப் பாருங்கள். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால், பிள்ளை ஒல்லியாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம்.

பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடும். மூன்று மடங்கு. அடுத்த ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்கிற வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. "போன வருஷம் நல்லா துன்னுச்சு, இப்ப எதையும் தொட மாட்டேங்குது" என்று எல்லாத் தாய்மாரும் சொல்வது இதனால்தான். அதே வயதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 2 வயதிலிருந்து 6 வயது வரை பிள்ளைகளுக்குப் புது உணவைக் கண்டால் ஒரு பயம். நடக்கப் பழகிய பிள்ளை கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த காவல் இது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கசப்பும் நம்மைவிடப் பிள்ளைகளின் நாக்குக்குத்தான் கூடுதலாகத் தெரிகிறது. அதனால் "அடம்", "திமிர்" என்ற சொற்களை இன்றோடு விட்டுவிடுங்கள். அது பயம். பயந்த பிள்ளையிடம் எப்படிப் பேசுவோமோ அப்படித்தான் சாப்பாட்டு விஷயத்திலும் பேச வேண்டும்.

எடைக் கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ இந்தக் கட்டுரையோடு நிற்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரம்: பாலையும் பிஸ்கட்டையும் எண்ணுங்கள்

ஒரு நாள் முழுக்க, பிள்ளை வாயில் போவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பால், பிஸ்கட், கடைக்குப் போன தாத்தா வாங்கிவந்த ஐந்து ரூபாய் சிப்ஸ், பக்கத்து வீட்டில் கொடுத்த மிட்டாய், பாலில் கலக்கிற சத்து மாவுப் பொடி, எல்லாவற்றையும். அம்முவின் தாளை எழுதி முடித்தபோது எனக்கே புரிந்துவிட்டது. அவளுக்குப் பசிக்க இடமே இல்லை.

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல் வேண்டாம். இரண்டு டம்ளர் போதும். பால் வயிற்றை நிரப்பிச் சோற்றுப் பசியை அடைப்பது ஒரு பக்கம். பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு, அதையே குடித்து வளர்கிற பிள்ளைக்கு ரத்தசோகை வரும் என்பது இன்னொரு பக்கம். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போகும்.

பாலை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நான்கு டம்ளர் என்றால் மூன்று நாளைக்கு மூன்று, பிறகு இரண்டு. புட்டியில் குடிக்கிற பிள்ளையை டம்ளருக்கு மாற்றினாலே பாதி குறைந்துவிடும். ராத்திரி தூக்கத்தில் கொடுக்கும் புட்டிப் பாலை முதலில் எடுங்கள், பல்லுக்கும் அது கெடுதல்.

பிறகு நேரம். எங்கள் வீட்டில் காலை 8 மணிக்கு இட்லியோ தோசையோ, பத்தரைக்குப் பழம், பன்னிரண்டரைக்குச் சோறு, சாயந்திரம் 4 மணிக்குச் சுண்டலும் பாலும், ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு. இடையில் தண்ணீர் மட்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளைச் சிற்றுண்டி, நடுவில் இரண்டு முதல் மூன்றரை மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. பதினொன்றரைக்குப் "பிஸ்கட்" என்று அழுதால் "இதோ, கொஞ்ச நேரத்துல சோறு" என்று சொல்லி வேறு விளையாட்டுக்கு இழுத்துவிடுங்கள். பிஸ்கட் டப்பாவை வீட்டிலேயே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. கண்ணில் படாத ஒன்றைப் பிள்ளை இரண்டு நாள்தான் கேட்கும்.

இந்த ஒரு வாரம் காய் பற்றிய பேச்சே வேண்டாம். பசி திரும்பினால் போதும்.

வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவது

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிஸ்கட்டை நிறுத்திய அன்றைக்கு என் மாமியார் என்னோடு பேசவில்லை. "பச்சக் கொழந்தைய பட்டினி போடறியே" என்றார். அவர் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர். மழை பொய்த்த வருஷங்களில் கேழ்வரகுக் கூழைப் பங்கு போட்டுக் குடித்து வளர்ந்தவர். பேத்தி ஒரு வாய் குறைவாகச் சாப்பிட்டால் அவருக்கு வருகிற பயம் நமக்குப் புரியாது. ஊட்டுவது அவருக்கு அன்பு காட்டுகிற வழி. அதைத் "தப்பு" என்று சொன்னால் அன்பையே தப்பு என்று சொன்னதாகிவிடும்.

நான் வாதம் செய்வதை நிறுத்தினேன். அங்கன்வாடிக்கு அவரையே அம்முவோடு அனுப்பி வைத்தேன். எடை கூடித்தான் இருக்கிறது என்று அங்கே இருந்த அக்கா அட்டையைக் காட்டி விளக்கியதை அவர் நம்பினார். மருமகள் சொன்னால் வராத நம்பிக்கை அட்டையைப் பார்த்து வந்தது. பிறகு, "அத்தை, பதினைஞ்சு நாள் மட்டும் பாப்போம். எடை குறைஞ்சா உங்க இஷ்டப்படி செய்யலாம்" என்று கேட்டேன். நாள் குறித்துக் கேட்டால் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

அதோடு அவருக்கு வேறு வேலை வேண்டும். ஊட்டுகிற வேலையைப் பிடுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லக் கூடாது. அம்முவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு மொச்சை உரிப்பது, கீரை ஆய்வது, தானே அவள் எதிரில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுவது, எல்லாம் அவர் பொறுப்பாயின. "ஆயா துன்றா பாரு, இன்னா வாசனை!" என்று அவர் கீரைச் சோற்றைப் பிசைகிற அழகில் எனக்கே பசிக்கும். அம்மு முதன்முதலில் கீரையைத் தொட்டது என் கையால் இல்லை, ஆயா தட்டிலிருந்து தானே எடுத்த ஒரு கவளத்தில்.

தாத்தாக்களுக்கும் சொல்லுங்கள்: வெறுங்கையோடு வர வேண்டாம், சிப்ஸுக்குப் பதில் இரண்டு வாழைப்பழமோ ஒரு கொய்யாவோ வாங்கி வரட்டும். பேரப்பிள்ளை பையைத் துழாவும் சந்தோஷம் அவர்களுக்குக் குறையாது.

இரண்டாம் வாரம்: உட்கார்ந்து, எல்லோரோடும்

பிள்ளையின் பின்னால் நடப்பதை நிறுத்துங்கள். தரையில் பாய் போட்டு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், பிள்ளைக்கும் தனித் தட்டு. போன், டிவி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கிற பிள்ளைக்கு எதைச் சாப்பிட்டோம் என்பதே தெரியாது. தெரியாத ருசி எப்படிப் பழகும்?

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் முடிவு. அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. கேட்க எளிது. செய்கிறபோது கை துறுதுறுக்கும், "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று நாக்கு நுனி வரை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

தட்டில் பிள்ளைக்குப் பிடித்தது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அம்முவுக்குத் தயிர்சாதம். அதன் பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் செய்த காய் ஒரு தேக்கரண்டி. அவளுக்கென்று தனிச் சமையல் கிடையாது. அரை மணி நேரம். எழுந்தால் தட்டை எடுத்துவிடுங்கள், முகம் சுளிக்காமல், திட்டாமல். அடுத்த வேளை மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். முதல் மூன்று நாள் அவள் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சாயந்திரம் சுண்டலைக் கிண்ணத்தோடு காலி செய்தாள்.

காரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கத்துச் சமையலில் காரம் அதிகம். பிள்ளை தள்ளுவது பல நேரம் காயை இல்லை, மிளகாய்த்தூளை. காய் வெந்ததும், தூள் போடுவதற்கு முன் பிள்ளையின் பங்கைத் தனியே எடுத்துவிட்டு, அதில் உப்பும் ஒரு சொட்டு நெய்யும் விடுங்கள். பரங்கிக்காய், கேரட், கீரை இவற்றில் இருக்கிற வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதால் அந்த நெய் ருசிக்கு மட்டுமல்ல.

காலண்டரில் புள்ளி

ஒரு புது உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரை ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாமோ இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல பீன்ஸ் புடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

எங்கள் சமையலறைச் சுவரில் மளிகைக் கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். அதில் ஒவ்வொரு முறை பீன்ஸ் அம்முவின் தட்டுக்கு வந்ததும் ஒரு புள்ளி வைத்தேன். அவள் சாப்பிட்டாளா என்பது கணக்கில்லை, வந்ததா என்பதே கணக்கு. என் மனதை அமைதியாக வைத்தது அந்தப் புள்ளிகள்தான். மூன்றாம் புள்ளி வரை தட்டிலிருந்து எடுத்து எறிந்தாள். ஐந்தில் விரலால் நசுக்கினாள். ஆறில் நக்கிப் பார்த்தாள். ஏழில் கடித்துத் துப்பினாள். ஒன்பதாவது புள்ளியன்று இரண்டு துண்டு மென்று விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அப்போது கைதட்டத் தோன்றும். தட்டாதீர்கள். கைதட்டினால் அடுத்த நாள் கைதட்டலுக்காகத்தான் சாப்பிடுவாள், இல்லையென்றால் கூச்சப்பட்டு விட்டுவிடுவாள்.

எப்படிச் செய்வது? ஒரே நேரத்தில் ஒரே ஒரு புதுக் காய். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை. அளவு பிள்ளையின் சுண்டுவிரல் நகம் போதும். துப்ப ஒரு சிறு கிண்ணம் பக்கத்தில் வையுங்கள், "புடிக்கலைன்னா இதுல போட்டுடு கண்ணு" என்று ஒரு முறை சொன்னால் போதும். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளை வாயில் போடத் துணியும். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாமே படிதான். எந்தப் படியையும் தோல்வி என்று எண்ணாதீர்கள்.

"காய் துன்னா சாக்லேட் தரேன்" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காய் ஒரு தண்டனை, சாக்லேட் அதற்குக் கிடைக்கும் கூலி என்று பிள்ளை படித்துக்கொள்ளும். இப்படி ஆசை காட்டிக் கொடுத்த உணவின் மேல் பிறகு விருப்பம் குறைந்துபோவதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். அடித்து ஊட்டுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. வாய் மூடிய பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊட்டுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. உணவு மூச்சுக்குழாயில் போய்விடும், உயிருக்கே ஆபத்து.

எந்தக் காய் முதலில்?

இனிப்பான காயிலிருந்து தொடங்குங்கள். பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், பீட்ரூட். எங்கள் வீட்டில் முதல் வெற்றி பரங்கிக்காய்தான். ஒரு கை துவரம்பருப்போடு நாலு துண்டு பரங்கிக்காயைப் போட்டுக் குக்கரில் மூன்று விசில் விட்டு, மத்தால் கடைந்து, சீரகமும் பூண்டும் நெய்யில் தாளித்துக் குழைந்த சோற்றில் பிசைந்தால் காயும் பருப்பும் பிரித்தறிய முடியாது. ஒரு வாரம் இப்படி. அடுத்த வாரம் பரங்கிக்காயைப் பாதி மட்டும் மசித்தேன். அதற்கடுத்த வாரம் முழுத் துண்டாகவே தட்டில். மசித்து மறைத்துக் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் மறைத்ததோடு நிறுத்தினால் பிள்ளை அந்தக் காயை என்றைக்கும் பார்க்காது. "இதுல இன்னா இருக்கு?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு முறை பொய் சொல்லி அது தெரிந்துவிட்டால், பிடித்த தயிர்சாதத்தையும் சந்தேகத்தோடு கிளறிப் பார்க்கும்.

பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றின் பக்கத்து வீட்டிலிருந்து அடுத்த காயைக் கூட்டி வாருங்கள். உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்குமா, அதே மாதிரி வெட்டி, அதே மாதிரி வறுத்து சேப்பங்கிழங்கு. அது பழகியதும் வாழைக்காய். தோசை பிடித்தால் மேலே கேரட் துருவல். வெண்டைக்காயின் வழவழப்புதான் பல பிள்ளைகளுக்குப் பிரச்சினை. கழுவித் துடைத்து ஈரம் போனபின் வெட்டி, மூடி போடாமல் எண்ணெயில் மொறுமொறுப்பாக வதக்கினால் அதையே விரலால் எடுத்துத் தின்னும்.

கீரைக்கு நம் மாவட்டத்தில் நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். களி மெல்ல வேண்டியதில்லை, சிறு உருண்டையாக உருட்டிக் கடைசலில் தொட்டு விழுங்குவது பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி. அரைக்கீரை, சிறுகீரை கசக்காது, அதிலிருந்து தொடங்கலாம். முருங்கைக்கீரையை வெங்காயத்தோடு கேழ்வரகு அடையில் போட்டுத் தட்டினால் வாசனையே இழுக்கும். கீரை சாப்பிடுகிற வேளையில் எலுமிச்சையோ கொய்யாவோ கூட இருந்தால் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

கத்திரிக்காயை அவசரப்படாதீர்கள். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான், எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தால் பெரியவர்கள் தட்டை வழிப்போம். ஆனால் அந்தக் குழைவு பல பிள்ளைகளுக்கு நாக்கில் ஒட்டாது. ஆம்பூர் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கத்திரிக்காயை மட்டும் ஓரமாக வைக்கிற பெரியவர்களே உண்டு. அம்முவுக்கு நான்கரை வயதில்தான் அது பழகியது. பாகற்காய் கடைசி.

சந்தைக்குக் கூட்டிப்போங்கள்

வாரம் ஒரு நாள் பிள்ளையை உழவர் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் டோல்கேட் சந்தைக்குக் காலை ஆறரைக்கே போய்விடுவோம். வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும், நல்ல கீரையும் அதற்குள் தீர்ந்துவிடும். நேதாஜி மார்க்கெட்டில் கூட்டமும் வண்டியும் அதிகம், சின்னப் பிள்ளைக்கு உழவர் சந்தை வசதி. விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்து விற்பதால் "இது எப்படி காய்க்குது?" என்று பிள்ளை கேட்டால் பதில் கிடைக்கும்.

அம்முவுக்கு ஒரு சின்னக் கூடை, கையில் இருபது ரூபாய். அவள் இஷ்டப்பட்ட காய் ஒன்றை அவளே வாங்கலாம். ஒரு முறை புடலங்காய் வாங்கினாள், "பாம்பு" என்று. அந்தப் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து, ஆயாவோடு உட்கார்ந்து விதையை எடுத்து, கூட்டு ஆகும் வரை அடுப்படியிலேயே நின்றாள். தட்டில் வந்தபோது அது அவள் காய். முதல் நாளே மூன்று துண்டு.

வீட்டில் ஒரு பழைய பக்கெட்டில் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி முளைக்கீரை விதை தூவுங்கள். சில நாளில் முளைவிடும், மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம். பிள்ளையின் பொறுமைக்கு ஏற்ற பயிர் அது. தக்காளி வைத்தால் காய்ப்பதற்குள் மறந்துவிடும்.

மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட வைப்பதும் பெரிய உதவி. லியான் பிர்ச் என்ற ஆய்வாளர் 1980-இல், ஒரு காயைப் பிடிக்காத பிள்ளையை அதை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு உட்காரவைத்துப் பார்த்தார். சில நாளில் அந்தப் பிள்ளையும் அதையே எடுக்கத் தொடங்கியது. அங்கன்வாடியில் வீட்டில் தொடாத சாம்பார்க் காயைப் பிள்ளை சாப்பிட்டுவிட்டு வருவது இதனால்தான். அனுப்பத் தயங்காதீர்கள்.

பழம்

பழத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம், இனிப்பு தானே வழி காட்டும். பருவத்தோடு போனால் விலையும் குறைவு, ருசியும் கூடுதல். வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது பெரியவர்களுக்கே சோறு இறங்காது. அப்போது பிள்ளை சாப்பிடவில்லை என்று கவலைப்படாமல் தர்பூசணி, கிர்ணி, நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு என்று நீர் நிறைந்தவற்றைக் கொடுங்கள். அந்தச் சமயத்தில் பங்கனப்பள்ளியும் செந்தூராவும் வந்துவிடும். அதன்பின் நாவல், ஜவ்வாது மலையிலிருந்தும் ஏலகிரியிலிருந்தும் சீத்தாப்பழம். கொய்யாவும் வாழையும் எப்போதும் உண்டு. ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். கொய்யாவில் இருக்கும் அளவுக்கு வைட்டமின் சி ஆப்பிளில் இல்லை.

ஜூஸாகப் பிழியாதீர்கள். பழத்தின் நார் போய்விடும், மென்று தின்னும் பழக்கமும் வராது. ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம், மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பாக்கெட் ஜூஸைப் பழக்கணக்கில் சேர்க்கவே கூடாது.

எவ்வளவு போதும்? 2 முதல் 5 வயது வரை காய், பழம் இரண்டும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 250 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. இது போய்ச் சேர வேண்டிய இடம், புறப்படுகிற இடம் இல்லை. தொடக்கத்தில் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் தட்டில் வைத்தால் போதும்.

தொண்டையில் சிக்கும் பண்டங்கள்

ஐந்து வயதுக்குள் முழுத் திராட்சை கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பச்சைக் கேரட் துண்டும் ஆபத்து, வேகவைத்தோ துருவியோ கொடுங்கள். வேர்க்கடலையை முழுசாகக் கொடுக்க வேண்டாம், பொடித்துத் தூவலாம். சீத்தா, சப்போட்டா, நாவல், பலா எல்லாவற்றிலும் கொட்டையை நீங்களே எடுங்கள். நுங்கு வழுக்கிக்கொண்டு போகும், நசுக்கிக் கொடுங்கள். சாப்பிடும்போது ஓடக் கூடாது, படுக்கக் கூடாது, சிரிப்பு காட்டக் கூடாது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எடை இறங்கினால், விழுங்கும்போது ஒவ்வொரு முறையும் குமட்டினால் அல்லது புரையேறினால், திடமான எதையும் மெல்லவே மறுத்தால், முன்பு சாப்பிட்டதையும் ஒன்றொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், பேச்சும் தாமதமாக இருந்து, உணவின் நிறமோ தொடுகையோ மாறும்போதெல்லாம் அலறினால், காட்டிவிடுங்கள். மண், சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிற பிள்ளைக்கும், இமையின் உட்புறம் வெளுத்திருக்கிற பிள்ளைக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். இரண்டு வயதைத் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே என்றால் அது ரத்தசோகை. பூச்சி மருந்து ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுப்பார்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ சொட்டும் உண்டு. இரண்டையும் விட்டுவிடாதீர்கள். டானிக்கை நீங்களாக மருந்துக்கடையில் வாங்கி ஊற்ற வேண்டாம். வேலூரில் பிள்ளை மருத்துவருக்குப் பஞ்சமில்லை.

காய்ச்சல் வந்து போனபின்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு காய்ச்சல் வரும், அல்லது ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஒரு வாரம் மிட்டாயும் பஜ்ஜியுமாகக் கழியும். திரும்பி வந்ததும் பிள்ளை மறுபடி "வாணாம்" என்று நிற்கும். எங்களுக்கு இது மூன்று முறை நடந்தது. முதல் முறை எல்லாம் பாழ் என்று அழுதேன். அப்படி ஆகவில்லை. பாலைக் குறைப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள், பிள்ளை கடைசியாகப் பழகிய காயை விட்டு முதலில் பழகிய காயைத் தட்டில் வையுங்கள். எங்களுக்கு அது பரங்கிக்காய்ப் பருப்புச் சோறு. பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

வயிற்றில் பிள்ளையோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-இல் காட்டினார்கள். தாய் சாப்பிடுவதன் வாசனை பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் இறங்குகிறது. சின்னவன் வயிற்றில் இருந்தபோது நான் கீரையை ஒரு நாளும் விடவில்லை. ஆறு மாதம் முடிந்து அவனுக்கு முதல் கவளம் கொடுக்கும்போது, உப்பில்லாத பரங்கிக்காய் மசியலை ஆயா கையால்தான் ஊட்டச் சொன்னேன்.

இப்போது காலண்டரில் அம்முவுக்குப் பாகற்காயின் புள்ளிகள் நடக்கின்றன. நேற்றோடு ஆறு. நேற்று நக்கிவிட்டுக் கிண்ணத்தில் போட்டாள்.